சிரிக்கிற வாய்

"அந்தச் சிரிக்கிற வாய் ஆச்சாங்க?"

திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டாள். பொம்மையின் மணிக்கட்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து நூலளவு உயர்த்திக்கொண்டிருந்தாள். அப்படி உயர்த்தும்போது மூச்சு விடமாட்டாள். கையை எடுத்து, பின்னால் நகர்ந்து, கேமரா கிளிக் என்ற பிறகுதான் விடுவாள்.

"பிளாஸ்டர் இன்னும் காயல" என்றார் அவர், வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே.

"மூணு வாரமாவா காயல?"

"மழை ஈரம்."

வெளியே வெயில் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அடுத்த கிளிக் கேட்டது. அவளுக்கு அன்று லீவு; அவர் வேலைக்குப் போய்விட்டார்.

தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்று பெயர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் ஈறுகளுக்குப் பல் கட்டித் தருகிறவர். மருத்துவமனைக்குப் பின்சந்தில் ஒரு அறை, மெழுகு உருக்கும் அடுப்பு, ஈரப் பிளாஸ்டர் வாசனை, அலமாரி நிறைய யார் யாருடைய வாய்களோ. அவருடைய மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பவள். ஒரு நாளைக்கு நூறு பேராவது தண்ணீர் வரவில்லை என்று அவளைத் திட்டுவார்கள். வீட்டுக்கு வந்தால் பேச்சு என்பதே பிடிக்காது. "சாப்பிட்டாச்சா", "விளக்கை அணைங்க", அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் ஒருத்தனுக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதினாள் என்றால் யாருக்குத்தான் எரியாது?

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு கடிதம் வீடு மாறி வந்தது. முன்பு அங்கே குடியிருந்தவருக்கு அவருடைய பழைய சிநேகிதர் எழுதியது. 'அவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினாள். நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர், தனிக்கட்டை, மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கினாலும் யாரோடும் பேச வராது என்று எழுதியிருந்தார். அதற்கு இவள் பதில் போட்டாள். போன் நம்பரும் கிடையாது, போட்டோவும் கிடையாது. அது அவர்கள் இரண்டு பேருக்குள் ஒரு ஒப்பந்தம்.

"கண்ணால பாக்காத ஆள்கிட்ட அப்படி என்னதான் எழுதுவ?"

"சும்மா, அன்னன்னைக்கு நடந்தது."

"அதை என்கிட்ட சொல்றது."

"நீங்கதான் கூடவே இருக்கீங்களே" என்றாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அந்தச் சிநேகிதத்தையே பொம்மைப் படமாக எடுக்கத் தொடங்கினாள். பின்னறையில் மேஜை போட்டு, அதன் மேல் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் புகார் அலுவலகம். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ. ஒரு நொடி ஓடுவதற்குப் பன்னிரண்டு போட்டோ. லீவு நாளெல்லாம் குனிந்து நின்றால் மூன்று நொடி, நான்கு நொடி தேறும். பொம்மைகளுக்குள் இருக்கும் கம்பி எலும்பை வளைத்துக் கொடுத்தவர் பல்செட்காரர். வாய்களை வார்த்ததும் அவர்தான். 'ஆ'வுக்கு ஒரு வாய், 'ஓ'வுக்கு ஒரு வாய், மூடிய வாய், முணுமுணுக்கும் வாய். சின்னக் காந்தம் வைத்து, எடுத்து மாற்றுகிற மாதிரி. கிரேன்காரருக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது என்று கடிதத்தில் வந்தபோது, எல்லா வாயிலும் அந்தப் பல்லைப் பிடுங்கி எடுத்ததும் அவரே. அதில் மட்டும் ஒரு திருப்தி.

"கதையில நான் எங்க?" என்று ஒருமுறை கேட்டார்.

"உங்களுக்கு அதுல வேலை இல்லீங்க."

"அப்ப வாய்க்கு மட்டும் நான் வேணுமா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

படத்தின் கடைசிக் காட்சியில், கடிதத்தைப் படித்துவிட்டுக் கிரேன்காரர் சிரிக்க வேண்டும். படம் முழுக்கச் சிரிக்காத மனிதர், அங்கே ஒருமுறை. அந்த வாயைப் பல்செட்காரர் மூன்று வாரத்துக்கு முன்பே வார்த்துவிட்டார். தன் கையால் இதுவரை செய்ததிலேயே நல்ல வாய் அது. உதட்டோரம் சற்றுக் கோணி, நிஜமாகவே எதையோ கேட்டுச் சிரிக்கிற மாதிரி. அதனால்தான் கொடுக்க மனம் வரவில்லை. அவள் எழுதியதைப் படித்து அந்த ஆள் இப்படிச் சிரிப்பதை, அவள் குனிந்து நின்று பார்ப்பாள். பின்சந்து அறையில் மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

அன்று மாடிவீட்டு டீச்சர் போன் செய்தபோது மணி பதினொன்றேகால். "சார், கொஞ்சம் உடனே வாங்க. அக்கா கீழே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

சந்து திரும்பினால் மருத்துவமனை. ஓடினார். அவசரப் பிரிவில் திரை போட்டிருந்தது. வழியிலேயே போய்விட்டதாக ஒரு இளம் டாக்டர் சொன்னார். இதயம் என்றார், வேறு என்னவோவும் சொன்னார். பல்செட்காரரின் கையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டர். நர்ஸ், "கை கழுவிட்டுத் தொடுங்க" என்றாள். கழுவிவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தார். நகத்துக்குள் சாம்பல் நிறக் களிமண் இருந்தது.

மறுநாள் வீடு நிறைந்துவிட்டது. அவளுடைய அண்ணன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, நடந்தால் பாத்திரம் அதிரும். அழுது முடித்து, முகம் கழுவ இடம் தேடிக்கொண்டே பின்னறைக் கதவைத் திறந்தார்.

"மச்சான், உள்ள போகாதீங்க" என்றார் பல்செட்காரர். "தரை ஆடும், பொம்மை நகந்துடும்."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவருக்கே ஏன் சொன்னோம் என்று தெரியவில்லை.

"இனிமே ஆடினா என்ன மாப்ள" என்றார் அண்ணன் மெதுவாக. நிலைப்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "யாரு இது, கூண்டுக்குள்ள?"

"கிரேன்காரர்."

"போன் பக்கத்துல இருக்கிறது எங்க தங்கச்சி. மூக்கு அப்படியே இருக்கு. உங்க பொம்மை எங்க மாப்ள?"

யாரோ காபி கொண்டுவந்தார்கள். பல்செட்காரர் அதை வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு அவளுடைய தங்கை மட்டும் இருந்தாள். நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, கிரேன்காரருக்குச் சொல்லியாச்சா?"

"அவருக்குப் போன் கிடையாது."

"லெட்டர் போடணும்ல? அட்ரஸ் குடுங்க, நான் ரெண்டு வரி எழுதிடறேன்."

"நானே எழுதிக்கிறேன்."

"மறந்துடாதீங்க. பாவம், அவரு எழுதிக்கிட்டே இருப்பாரு."

"எழுதட்டுமே" என்றார்.

தங்கை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நாற்காலியை மடக்கினாள்.

அவர் எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தலைவலி என்றால், அலுவலகத்தில் இடம் மாற்றினார்கள் என்றால், முழங்காலில் அடிபட்டது என்றால், எல்லாம் அந்த ஆளுக்கு ஆறு பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதல் தடவையாக, அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்று இவரிடம் இருந்தது. அதை ஏன் கொடுக்க வேண்டும்?

தங்கை ஊருக்குப் போன மறுநாள் தபால்காரம்மா வந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. உறையை நீட்டாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"இதை என்ன சார் செய்யறது? திருப்பி அனுப்பவா?"

"குடும்மா."

சாய்வே இல்லாத, நிமிர்ந்த எழுத்து. பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் அந்த உறைகளைப் பிரித்ததில்லை. பிரிக்கக் கூடாது என்று அவள் சொன்னதும் இல்லை. வீம்பு. சமையலறையில் நின்றபடியே பிரித்தார்.

'அம்மா, நலம். போன கடிதத்தைப் படித்து நெடுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போன அன்று, அவர் இழுப்பறையை மூடுவதற்குள் அந்த வாயைப் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். இவ்வளவு அழகாகச் செய்துவிட்டுக் கொடுக்க மனசு வராமல் வைத்திருக்கிறார், தினமும் காலையில் ஆச்சா என்று கேட்கிறேன், தினமும் ஒரு பொய் சொல்கிறார், அந்தப் பொய்யைக் கேட்கத்தான் கேட்கிறேன் என்றும். கேளுங்கள், ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். எழுபத்தொரு வருடம் சிரிக்காமல் இருந்தவனுக்கு இன்னும் ஒரு மாதம் பெரிதில்லை. ஒன்று கேட்க வேண்டும். அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். செருப்பைத் தினமும் தேடுவார் என்பது வரை எனக்குத் தெரியும். முகம் எப்படி என்று மட்டும் எழுதியதே இல்லை. பொம்மைகூடச் செய்ய மாட்டேன், எத்தனை செய்தாலும் அவர் மாதிரி வரவில்லை என்கிறீர்கள். எப்படித்தான் இருப்பார்?'

அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டார். முதலில் வந்தது கோபம்தான். திருடியது இவர், கையும் களவுமாகப் பிடித்தது அவள், பஞ்சாயத்துக்கு மட்டும் அங்கே ஒருத்தன். இவருடைய பொறாமையைக்கூட அவள் அவனிடம்தான் சொல்லியிருக்கிறாள். அதையாவது அவள் தன்னோடு வைத்திருக்கலாம்.

மறுபடியும் படித்தார். செருப்பு வரைக்கும். 'மாதிரி வரவில்லை' வரைக்கும்.

பிறகு பின்சந்து அறைக்குப் போய், இழுப்பறையைத் திறந்து வாயை எடுத்துவந்தார்.

பின்னறைச் சுவரில் அவள் எழுத்தில், எதற்கு எத்தனை போட்டோ என்ற கணக்கு ஒட்டியிருந்தது. கை மேலே, பதினான்கு. மூடிய வாய், இரண்டு. சிரிப்பு, எட்டு. கைக்கு நேரே பதினொரு டிக் இருந்தன. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினார். கிளிக். பல்லுக்கு மெழுகு சுரண்டுகிற கை; நூலளவு பிசகவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. மூடிய வாயை எடுத்துவிட்டுச் சிரிக்கிற வாயை வைத்தபோது, காந்தம் டக்கென்று தானாகவே இழுத்துக்கொண்டது.

எல்லாம் எடுத்து முடித்துக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். அவர் எடுத்தது ஒரு நொடிக்கும் சற்று அதிகம். கிரேன்காரர் கடிதத்தை உயர்த்திப் படித்துவிட்டுச் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். ஆனால் கூண்டுக் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ ஆடியது. அவருடைய சட்டை. படம் எடுக்கும்போது அவள் கறுப்புதான் உடுத்துவாள். இந்த வெக்கையில் கறுப்பு எதுக்கு என்று அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். கண்ணாடியில் ஆள் தெரியக் கூடாது என்பதற்குத்தான் என்று இப்போது புரிந்தது. அவள் எடுத்த ஆயிரக்கணக்கான போட்டோவில் ஒன்றில்கூட அவள் இல்லை.

அழிக்கலாமா என்று பார்த்தார். அழிக்கவில்லை.

பிற்பகலில் அவளுடைய காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். 'ஐயா, என் மனைவி போன செவ்வாய்க்கிழமை காலை காலமானாள்' என்று எழுதினார். விஷயம் அவ்வளவுதான். மடிக்கப் போனார். தாளில் நிறைய இடம் மீதி இருந்தது.

'வாய் தயாராகத்தான் இருந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே. இன்று பொருத்தினேன். கண்ணாடியில் என் சட்டை விழுந்துவிட்டது, மன்னிக்கவும். முகம் கேட்டிருந்தீர்கள். முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கல். ஊருக்கெல்லாம் பல்வரிசை கட்டுகிறவனுக்கு இப்படி. காது பெரிது' என்று எழுதி, இரண்டாவது தாளை எடுத்தார்.

மூன்றாவது தாளில் பாதிக்கு வந்தபோது நிறுத்தினார். மருத்துவமனையைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தார். அவள் நகத்துக்குள் இருந்த களிமண்ணை மட்டும் எழுதவில்லை. யோசித்துவிட்டுத்தான் விட்டார்.

தெருமுனைக்கு நடந்தார். டெய்லர் தைத்துக்கொண்டிருந்தார், டீக்கடையில் இரண்டு பேர் எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். கவரைத் தபால் பெட்டியின் வாயில் வைத்துச் சற்று நேரம் பிடித்திருந்தார். பிறகு விட்டார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

பெட்டியின் தகரத்தில், தபால் எடுக்கும் நேரம் மாலை நாலரை என்று எழுதியிருந்தது.