கஜாலினி சீட்டாடி ஊழியம் செய்தது

கஜாலினி பதினொரு கிழமையாக ஒருவருக்கும் ஆண்டவரைப் பற்றிச் சொல்லவில்லை. துபாயில் அவள் போகும் சபையின் இளையோர் கூட்டம் முழுவதற்கும் இது தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுகிர்தன் அண்ணா எல்லோரையும் வட்டமாக இருத்தி, "இந்தக் கிழமை ஆருக்குச் சொன்னீங்கள்?" என்று கேட்பார். அந்த ஊரில் கண்ட இடத்தில் கண்டவரிடம் மதம் பேசக் கூடாது. ஆனால் பழக்கமான ஒருவர் தானாகக் கேட்டால் சொல்லலாம். சொன்னவர்கள் எழும்பிச் சாட்சி கூறுவார்கள். எழும்பாதவர் தலையில் எல்லோரும் கை வைத்து ஜெபிப்பார்கள். "ஆண்டவரே, கஜாலினியின்ர வாயைத் திறவும்!" பதினொரு கிழமை, இருபத்திரண்டு கைகள். அவளுடைய தலைமுடி ஞாயிறு பின்னேரங்களில் ஒருபோதும் படிந்திருந்ததில்லை.

"வாற ஞாயிறு மஸ்கட்டில இருந்து, எங்கட ரூவி சபைப் பாஸ்டர் வாறார்," என்றார் சுகிர்தன். "அதுக்குள்ள ஒரே ஒராளுக்குச் சொல்லும், கஜா. இல்லாட்டி உம்மை மேடையில ஏத்தி விசேஷமா ஜெபிப்பம்."

மேடை என்றதும் கஜாலினி கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். அவள் வேதியியல் படித்தவள். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. அந்த வேலை அவளுக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், போத்தல்கள் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை.

அந்தக் கிழமைதான் அலுவலகக் குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. மூன்று நாள் கப்பல் பயணம், ஒரு ஆளுக்கு. வியாழன் ஏறினால் சனி மாலை இறங்கலாம்.

இரண்டாம் நாள் கப்பல் நடுக்கடலுக்கு வந்ததும், துறைமுகத்தில் பூட்டியே கிடந்த கசினோவின் கதவைத் திறந்தார்கள். வாசலில் ஒரு பலகை. மதியம் இரண்டு மணிக்குச் சீட்டுப் போட்டி. எல்லோரும் ஆடலாம், கட்டணம் இல்லை. முதல் பரிசு ஆளுயர ஒட்டகப் பொம்மை.

கஜாலினி பொம்மையைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். மேசைக்கு எட்டுப் பேர். தோற்கும்வரை ஒருவரும் எழுந்து போக முடியாது. கைபேசி எடுக்கக் கூடாது. இப்படி ஒரு சபை வேறு எங்கே கிடைக்கும்? காசு இல்லை, ஆகவே சூது இல்லை; நடுக்கடல், ஆகவே அந்த ஊர்ச் சட்டமும் இல்லை என்று மனதுக்குள் கணக்கை இரண்டு தரம் சரிபார்த்தாள். ஆண்டவரும் ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்தவர்தானே.

சீட்டுப் போடும் டீலர் ஒரு பிலிப்பீன்ஸ் பெண். அவள் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். கஜாலினி அந்த நேரம் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. கையில் ஒளித்துப் பிடிக்க இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பிளாஸ்டிக் வில்லைகளை முன்னே தள்ள வேண்டும். மற்றவர் அதே அளவு தள்ளலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு, தள்ளியதை இழந்து விலகலாம். வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவளுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. அதைவிட முக்கியமான ஒன்றும் பிடிபட்டது. வில்லைகளை நிறையத் தள்ளினால், எதிரில் இருப்பவர் ஒரு முழு நிமிடம் உங்கள் முகத்தையே பார்ப்பார். பிறந்த நாளிலிருந்து அவளை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அவள் கையில் இரண்டும் ஏழும், ஒன்றுக்கும் உதவாத சீட்டு. பாதி வில்லைகளைத் தள்ளினாள். பக்கத்திலிருந்த பஞ்சாபிக்காரர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

இதுதான் நேரம். கஜாலினிக்குக் காது சிவந்தது. விரல் நடுங்கியது. உதடு மட்டும் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அசைந்தது. கடைசியில் ஆங்கிலத்தில், "சார், உங்களுக்குத் தெரியுமா..." என்று தொடங்கினாள்.

"தெரியும், தாயே, தெரியும்!" என்று அவரும் ஆங்கிலத்தில் அலறிச் சீட்டை வீசினார். "உன்னிடம் இரண்டு ஏஸ் இருக்கிறது!"

அடுத்து ஒரு ஜெர்மன் கிழவர். "சார், உங்களை ஒருவர்..." என்றாள். அவர் அவளுடைய நடுங்கும் கையைப் பார்த்தார், பெரிய சீட்டு வந்த நடுக்கம் என்று பெருமூச்சு விட்டார், தன் நல்ல சீட்டைக் கவிழ்த்தார். கஜாலினி தொண்டையைச் செருமியதற்கே ஒரு ரஷ்யப் பெண்மணி சீட்டைப் போட்டுவிட்டாள். அவள் வாய் திறக்கப் பார்த்தபோதெல்லாம் வில்லைகள் அவள் பக்கம் வந்து குவிந்தன. வில்லை தீர்ந்த ஆத்துமாக்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாருக்குப் போயின. ஆத்துமாக்களைத் தேடி வந்தவள் ஆளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு இரண்டே பேர் மிச்சம். கஜாலினியும், அடுத்த மேசையில் எல்லோரையும் வென்று வந்த ஒருவரும். நாற்பது வயது, கட்டை மீசை, சட்டைப் பையில் கண்ணாடி. உட்கார்ந்ததும் அவர், "சாமி, கருப்பா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தமிழ்! கஜாலினிக்குப் பாலைவனத்தில் மன்னா விழுந்தது போலிருந்தது. முன்னால் இருந்த வில்லை மலை முழுவதையும் இரண்டு கையாலும் தள்ளினாள். அவர் அவளைப் பார்த்தார். காது சிவந்தது, விரல் நடுங்கியது, எல்லாம் ஒழுங்குமுறைப்படி நடந்தது. அவர் சீட்டைப் போடக் கையெடுத்தார். இந்த ஆளும் போய்விடுவாரே என்ற பயத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணா, இயேசு உங்களை நேசிக்கிறார்!"

டீலர் மேசையில் ஓங்கித் தட்டினாள். ஆட்டம் நின்றது. கறுப்புக் கோட்டு மேலாளர் ஓடிவந்தார்.

"மேசையில் ஆங்கிலம் மட்டும்தான். விதி வாசிக்கப்பட்டது," என்றார் ஆங்கிலத்தில். "என்ன சொன்னீர்கள்?"

கஜாலினியின் வாய் மறுபடி மூடிக்கொண்டது. மீசைக்காரர்தான் எழுந்து, தெரிந்த ஆங்கிலத்தில், "சார், ஜீசஸ் லவ் மீ, சார்," என்றார்.

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருட அனுபவம் அவருக்கு. இரண்டு பேர் புரியாத பாஷையில் பேசினால் அது சீட்டுக் காட்டிக்கொடுக்கும் சங்கேதம்.

"இயேசு என்றால் எந்தச் சீட்டு?"

"சீட்டில்லை, சார்," என்றாள் கஜாலினி மெல்ல.

"ராஜாவாகத்தான் இருக்கும்," என்றார் பாரிலிருந்து வந்து நின்ற பஞ்சாபிக்காரர்.

"ஏஸ்," என்றார் ஜெர்மன் கிழவர். டீலர் பெண் இருவரையும் முறைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேலாளர் படிவத்தையும் பேனாவையும் எடுத்தார். "சீட்டில்லை என்றால் யார்? முழுவதும் சொல்லுங்கள். நான் எழுத வேண்டும்."

சுற்றிலும் நாற்பது பேர். நடுவில் விளக்கு. இது மேடையேதான், பாஸ்டர் மட்டும்தான் இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் கள்ள ஆட்டம் ஆடினவள் என்று பெயர் எழுதிவிடுவார்கள். கஜாலினி எழும்பி நின்றாள். பெத்லகேமில் தொடங்கினாள். முதல் இரண்டு வாக்கியம் மேசைவிரிப்புக்குத்தான் கேட்டது. மூன்றாவது மேலாளருக்குக் கேட்டது. கலிலேயாக் கடலுக்கு வரும்போது பாரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாக," என்றார் மேலாளர். "சிலுவை. சரி. பிறகு?"

"மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்."

"மூன்றாம் நாள் என்றால், தேதி?"

படிவம் முடிந்ததும் அவர் தீர்ப்பைச் சொன்னார். கள்ள ஆட்டம் இல்லை, விதி மீறல் மட்டும். கஜாலினியின் சீட்டுச் செல்லாது, தள்ளிய வில்லைகள் எதிராளிக்கு. டீலர் அவளுடைய சீட்டைப் புரட்டினாள். மூன்றும் எட்டும்.

"அடப்பாவி!" என்றார் மீசைக்காரர். "இதுக்கா நான் பயந்து சாகப் போனேன்?"

அவர் ஒட்டகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே மேல்தளத்துக்கு வந்தார். இரண்டு தேநீர் வாங்கி, ஒட்டகத்தை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். பெயர் கார்மேகம், ஊர் ராமநாதபுரம் பக்கம், கட்டிடங்களுக்குச் சாரம் கட்டும் ஃபோர்மேன். சைட்டில் ஒரு வருடமாக ஒருவரும் விழாததற்காக கம்பெனி அனுப்பிய பயணம்.

"ஏந்தங்கச்சி, அவ்ளோ நேரம் பேசுனீங்களே, அம்புட்டும் இங்கிலீசு. எனக்குச் சொல்ல வந்த சேதி, எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. இப்ப தமிழ்ல சொல்லுங்க."

கஜாலினி திகைத்தாள். கப்பலுக்கே சொல்லியாயிற்று, சொல்ல வேண்டிய ஆளுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவராகவே கேட்கிறார்.

"முன்னாடியே சொல்லிப்புடுறேன்," என்றார் கார்மேகம். "நான் கருப்பசாமி கும்புடுற ஆளு. மாற மாட்டேன். கதையாக் கேக்குறேன்."

"கேட்டாலே போதும், அண்ணா."

கப்பலில் இருப்பதால் நோவாவிலிருந்து தொடங்கினாள். மழை வரப் போகிறது, ஒரு பேழை செய் என்று கடவுள் சொன்னார். முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம். தண்ணீர் புகாமல் உள்ளேயும் வெளியேயும் கீல் பூச வேண்டும்.

கார்மேகம் தேநீரைக் கீழே வைத்தார். "முப்பது மொழமா? நாலு மாடி ஒசரமாச்சே. சாரம் யாரு கட்டுனது?"

"அது வேதத்தில இல்லை, அண்ணா."

"சாரம் இல்லாம வெளிப்பக்கம் எப்படிப் பூசுவாரு? அவருக்கு என்ன வயசு?"

"அறுநூறு."

"அறுநூறு வயசுப் பெரிய மனுசன நாலு மாடி ஒசரத்துல, பெல்ட் இல்லாம ஏத்தி விட்டிருக்காங்க!" கார்மேகத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "கூட எத்தன பேரு?"

"மூன்று மகன்மார்."

"ஏணி யாரு புடிச்சது?"

கஜாலினி காகிதக் கைத்துடைப்பை விரித்துப் பேழையின் பக்கவாட்டை வரைந்தாள். அவர் பேனாவை வாங்கி அதைச் சுற்றிச் சாரக் குழாய்களை வரைந்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் கதையில் மிருகங்கள் சோடி சோடியாக ஏற ஆரம்பித்தன.

"சரி, மேல சொல்லுங்க," என்றார் கார்மேகம். "ஆனா அந்தச் சாரத்த நான் ஒத்துக்கல."