சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு காலை

மூன்றாவது வரைபடமும் பேருந்து ஓட்டுநருக்குப் பிடிக்கவில்லை. மனை இருபதடி அகலம், நாற்பதடி நீளம்தான். அதற்குள் அவருக்குப் பெரிய ஹால் வேண்டும். ஹாலின் நடுவே சுருள் படிக்கட்டு வேண்டும். கைப்பேசியில் எங்கோ பார்த்த படத்தை ஒவ்வொரு முறையும் எடுத்து நீட்டினார்.

"சார், இந்தப் படிக்கட்டு ஒரு ரூமையே முழுங்கிடும். மாடியும் இப்போ கட்டப் போறதில்ல. ஏறி எங்க போவீங்க?" என்றாள் வீட்டை வடிவமைப்பவள்.

"ஏறிப் போறதுக்கு இல்ல மேடம். வர்றவங்க பார்த்து அசந்து போகணும்."

அவர் மனைவி மருத்துவமனையில் செவிலி. மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. அன்றும் பணி முடிந்து நேராக வந்தவள், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அவர் சொல்றபடியே செஞ்சிருங்க."

அந்தக் குரலில் சம்மதத்தைவிட அலுப்புதான் அதிகம் என்று வடிவமைப்பவளுக்குப் பட்டது. வரைபடத்தைச் சுருட்டி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில பாப்பாவையும் கூட்டிக்கிட்டு மூணு பேரும் மனைக்கு வாங்க. ஒரு பாயும் நாலு நாற்காலியும் எடுத்துட்டு வாங்க."

ஞாயிறன்று அவர்கள் மனைக்குப் போனபோது, வெறும் மண்ணில் சுண்ணாம்புத் தூளால் முழு வீடும் கோடாகக் கிடந்தது. வாசல், ஹால், சமையலறை, குளியலறை, தெருப் பக்கம் பெரிய படுக்கையறை, பின்னால் சின்ன அறை. ஹாலின் நடுவில் ஒரு வட்டம். எல்லாம் ஓட்டுநர் கேட்டபடியே.

"இப்போ மணி காலை எட்டு. வழக்கமா என்ன செய்வீங்களோ செய்யுங்க" என்றாள் வடிவமைப்பவள்.

பத்து வயது மகளுக்கு ஒரே குஷி. வீட்டில் அவள் பெயரே வாலு. இல்லாத கதவைத் திறந்து, இல்லாத பையைத் தேடி, "என் சாக்ஸ் எங்கப்பா?" என்று கத்தினாள். ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து நண்பருக்கு நிஜமாகவே போன் போட்டார். பேருந்து ஓட்டும் தொண்டை; நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

செவிலி இரவுப் பணி முடிந்து வந்தவள் மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றினாள். பாயைத் தெருப் பக்க அறையில் விரித்துப் படுத்தாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வாலு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

"அங்க என்னம்மா கேக்குது?" என்றாள் வடிவமைப்பவள்.

"எல்லாமே கேக்குது."

ஓட்டுநர் சிரித்தார். "சுவர் வந்துட்டா சத்தம் குறைஞ்சிடும் மேடம். இப்ப இருக்கிற வாடகை வீடும் இப்படித்தான். அங்க நல்லாத் தூங்குறாளே."

"தூங்குறேன்னு யார் சொன்னா?" என்றாள் செவிலி, படுத்தபடியே. கோபமில்லை. "கண்ணை மூடிக்கிட்டுக் கிடப்பேன். பதினொரு வருஷமா."

 ஓட்டுநர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். "ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

"சொன்னா நீங்க வீட்டுக்குள்ள பூனை மாதிரி நடப்பீங்க. பாப்பா வாயைப் பொத்துவீங்க. அது வீடாங்க?"

அவர் எழுந்து போய்ச் சுண்ணாம்பு வட்டத்தைச் செருப்புக் காலால் தேய்த்தார். "இது வேண்டாம் மேடம். இவ நிம்மதியாத் தூங்க ஒரு ரூம் பாருங்க."

"ஐயோ, ஆசைப்பட்டுக் கேட்டதை எனக்காக…"

"நீ படு. மணி எட்டரைதான் ஆகுது."

வடிவமைப்பவள் அங்கேயே கோடுகளை மாற்றிப் போட்டாள். படுக்கையறை மனையின் கடைசிக்குப் போனது. அதற்கும் ஹாலுக்கும் நடுவே குளியலறையும், சுவர் முழுக்க அலமாரியும் வந்தன. வாலுவின் அறை முன்பக்கம் வந்தது. சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையே சுவரே இல்லை. அதனால் சின்ன ஹாலும் பெரிதாகத் தெரியும், செலவும் குறையும். பிற்பாடு மாடி கட்டினால் படிக்கட்டு வெளியே.

எட்டு மாதத்தில் குடிவந்தார்கள். முதல் வாரமே ஓட்டுநரின் தம்பி குடும்பத்தோடு வந்தான். ஹாலில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. முட்டியும் முட்டியும் இடித்துக்கொண்டன. "என்னண்ணே, இவ்வளவுதானா?" என்றான் தம்பி. ஓட்டுநருக்கு முகம் சுருங்கத்தான் செய்தது.

இரவுப் பணி முடிந்து படுத்திருந்த செவிலி எழுந்து வந்தபோது மதியம் மணி மூன்று. கன்னத்தில் தலையணை பதிந்த தடம். விருந்தாளிகளைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"நீங்க எல்லாம் எப்போ வந்தீங்க?"

"பதினொரு மணிக்கே வந்துட்டோம் அண்ணி. இவ்வளவு நேரமும் அண்ணன்தான் கத்திக்கிட்டே இருந்தார்" என்றான் தம்பி.

"அப்படியா?" என்று சொல்லி, அவள் நிதானமாகக் கொட்டாவி விட்டாள். ஓட்டுநர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.