ஃபேன் மாற்றிய சனிக்கிழமை

என் கணவர் வேதாந்தத்துக்கு வேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியாத வேலையில் கைவைக்காமல் இருக்கத்தான் தெரியாது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு எனக்கு ஆன்லைன் தேர்வு. ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம், வீட்டிலிருந்தபடியே இந்தியிலிருந்து தமிழுக்கு எழுத ஆள் எடுக்கிறது. கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபின் வேலை கேட்டு நான் போட்ட முதல் விண்ணப்பம் அது. தவறவிட்டால் மறுவாய்ப்பு கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

இவரோ காலையிலேயே கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிராசசர் மேலிருக்கும் ஃபேன் கர்புர்ரென்று கத்துகிறதாம், தேர்வில் எனக்குத் தொந்தரவாக இருக்குமாம். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடையில் புதிது வாங்கி, கடைக்காரனை நம்பாமல் தானே மாட்டினார். மனது நல்லதுதான், கைதான் சும்மா இராது.

மாட்டியபின் சத்தம் நின்றது. கம்ப்யூட்டரும் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒன்றுமே திறக்காதபோதும் பிராசசர் நூறு சதவீதம் உழைப்பதாகத் திரை காட்டியது. ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் சாதமே வடித்துவிடலாம்.

"வைரஸ்தான்," என்றார். தேடினார், இல்லை. "அப்டேட் ஓடறது," என்று அதையும் நிறுத்தினார். நூறு இறங்கவில்லை. பழைய படங்களை அழித்தால் சரியாகும் என்று ஆரம்பித்தார்.

"என் ஃபோட்டோ மேல கையை வெச்சேள்னா இருக்கு உங்களுக்கு," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கத்தான் அந்த அதட்டல்.

புனேயில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளை பத்ரியை ஃபோனில் கூப்பிட்டேன்.

"ஃபேன் மாத்தினப்புறம்தானே இப்படி? டெம்பரேச்சர் என்னன்னு பாருங்கோப்பா," என்றான்.

தொண்ணூறு டிகிரிக்கு மேல் காட்டியது.

"அச்சா, அதான். சூடு ஏறினா பிராசசர் தானே ஸ்லோ ஆயிடும். அப்புறம் சின்ன வேலைக்கே ஃபுல்லா மூச்சு வாங்கும். ஜல்தி கழட்டிப் பாருங்கோ."

கழற்றித் திருப்பினால், ஃபேனுக்கு அடியில் பிராசசரைத் தொட வேண்டிய செம்புத் தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை. மாட்டுமுன் உரிக்கவும் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. அதன் மேலேயே, சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி மாட்டியிருக்கிறார்.

"இதைப் படிக்கலையா?"

"படிச்சேன்," என்றார். "உரிச்சுட்டா கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டானே."

எங்கள் வீட்டில் இது சட்டம். டிவி ரிமோட் இன்னும் வந்த உறைக்குள்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கைப்பிடியின் பிளாஸ்டிக் நைந்து தானாக உதிர்ந்தது. பத்ரி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உறையை நானே உரித்தேன். ட்யூபில் மிச்சமிருந்த பசையைத் தடவி இருவருமாக மாட்டினோம். நூறு மளமளவென்று இறங்கிப் பத்துக்கு வந்தது.

மூன்று அடிக்கச் சற்று முன்னால், தேர்வைக் கண்காணிக்கும் பெண் திரையில் தோன்றினாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று இந்தியில் சொன்னாள். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்றவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

எழுதி முடிக்கும்வரை பெல் அடிக்கவில்லை, ஒரு குரல் இல்லை. எங்கள் கிட்வாய் நகர் குடியிருப்பில் அது நடக்காத காரியம். வெளியே வந்து பார்த்தேன். மே மாத வெக்கையில் பனியன் நனைய மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களையெல்லாம் கையைக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

முன்பு கோல் மார்க்கெட்டில் ஒற்றை அறை அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, பதவி உயர்வுத் தேர்வுக்கு இவர் உள்ளே படிப்பார். அழும் பத்ரியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன். இவருக்கு அது ஞாபகமிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

"எப்படி எழுதினே?"

"நன்னா எழுதியிருக்கேன்."

"வேலை கிடைச்சா தினமும் இப்படித்தானா? நான் வெளியிலயா?"

"ஆமாம்."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ இங்க ஒரு நாற்காலி போடணும்," என்றார்.

எனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று அப்போதுதான் பயமில்லாமல் ஆசைப்பட்டேன்.