துடக்குக் கிணறு

குணேஸ்வரிக்குத் தன் கிணற்றின் மேல் இருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். கப்பல்துறையில் அவர்களுடைய ஒழுங்கையில் எல்லார் கிணறும் சவர், உப்புக் கரிக்கும். அவளுடையதும் அப்படித்தான் கிடந்தது. சண்டை திரும்பவும் மூண்ட வருஷத்து மாரிக்குப் பிறகு அந்தத் தண்ணீர் தானாகவே இனிக்கத் தொடங்கியது. சீனி கண்ணுக்கே தெரியாத காலம். "என்ர கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டா பாதிச் சீனியே காணும்" என்று அவள் சொல்லித் திரிந்தாள். ஒழுங்கை முழுக்கக் குடத்தோடு வந்தது.

முதல் ஆளாக வருகிறவள் அடுத்த வளவு றஹ்மா. மூதூரிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்தவள். கல்யாணமாகிக் கனகாலத்துக்குப் பிறகு இப்போதுதான் வயிற்றில் பிள்ளை. குணேஸ்வரிக்குப் பிள்ளை இல்லை. அந்த வயிற்றைத் தன்னுடையது போலவே பார்த்துக்கொண்டாள். றஹ்மாவைக் கயிற்றில் கை வைக்க விடமாட்டாள். தானே அள்ளித் தானே ஊற்றுவாள்.

ஒருநாள் குணேஸ்வரியின் புருஷன் பாக்கியரத்தினம் தேத்தண்ணீரை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். முந்தி மேட்டிலிருந்த லொறிக் கராஜில் வேலை செய்தவர். "இது எஞ்சின் கழுவுற மருந்தின்ர மணமெல்லோ!" சண்டையோடு பூட்டிப்போட்ட கராஜ் அது. வேலி ஏறிப் பார்த்தால், பின்பக்கத்துப் பீப்பாய்கள் அடி உக்கி ஒழுகிக்கொண்டிருந்தன.

அவர் ஒரு போத்தலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு திருகோணமலைக்கு வெளிக்கிட்டார். வழியில் சென்றியில் நின்ற ஆமிக்காரன் போத்தலைக் காட்டி, "குடிச்சுக் காட்டு" என்றான். பாவம் மனுசன், குடித்துக் காட்டினார். மிச்சத்தைத் தண்ணீர் சோதிக்கிற அரசாங்கக் கந்தோரில் வாங்கிப் பார்த்துவிட்டு, சில நாள் கழித்து மறுமொழி சொன்னார்கள்: "மருந்து கலந்திருக்கு, அண்ணை. ஆனால் இந்தச் சாமானுக்குச் சட்டத்தில அளவு ஒண்டும் போடேல்லை. அளவே இல்லாததைக் கூடிப்போச்செண்டு எப்பிடிச் சொல்லுறது?" படித்தவர்கள் வாயில் இப்படியும் ஒரு கதை வரும்.

தண்ணீர் கூடாது என்று சொல்லிப் பார்த்தால், ஒழுங்கை அந்தக் கதையின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. கந்தோரே கூடாது என்று சொல்லவில்லையாம், இவளுக்குத்தான் தண்ணீர் கொடுக்க மனம் வரவில்லையாம். வாசலில் குடத்தோடு நிற்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லக் குணேஸ்வரிக்கும் வாய் வரவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற றஹ்மாவிடம் விசயத்தைச் சொல்லவே பயம். ஆகவே ஒரு வேலை பார்த்தாள். காலையில் தலையை விரித்துப்போட்டுப் படலை வாசலில் குந்தினாள். "மாமா போயிட்டார். துடக்கு."

சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டில் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காத சனம். உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பிப் போனது. குணேஸ்வரி தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு றஹ்மா வந்தாள்.

"துடக்கடி."

"உங்கட ஆக்களுக்குத்தானே. எனக்கென்ன துடக்கு?" என்றபடி நேரே கிணற்றடிக்கு நடந்தாள். "ஆரு மௌத்து?"

"மாமா."

"எந்த மாமா? முந்தநாள் சந்தையில மீன்காரனோட சண்டை பிடிச்சாரே, அவரா?"

குணேஸ்வரி ஓடிப்போய்க் குடத்தைப் பறித்தாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"செத்தது மாமா இல்லையடி. கிணறு. கராஜ் மருந்து இறங்கித்தான் இனிச்சிருக்கு. நானெல்லோ உனக்கு அள்ளி அள்ளி ஊத்தினனான்."

றஹ்மாவின் கை வயிற்றுக்குப் போனது. வெறுங்குடத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்கக் குணேஸ்வரி குசினியில் அடுப்பு மூட்டவில்லை. இனி அந்தப் பிள்ளை தன் மடிக்கு வராது என்று நினைத்து நினைத்து அழுதாள்.

பொழுதுபடப் படலை திறந்தது. றஹ்மாவின் புருஷன் ஜமால்தீன் சைக்கிளை உருட்டி வந்தான், பின்னால் ஒரு கான் தண்ணீர். றஹ்மா கையில் சோற்றுப் பார்சல்.

"செத்த வீட்டில அடுப்பெரியாது, அயல்தான் குடுக்க வேணும். அதுகூட எனக்குத் தெரியாதா?" என்றாள் றஹ்மா. "பள்ளிவாசல் கிணத்துத் தண்ணி. ஒழுங்கைக்கும் விசயத்தைச் சொல்லிப்போட்டன். புள்ளத்தாச்சி பொய் சொல்லமாட்டாளெண்டு நம்பிட்டுதுகள்."

"பிள்ளைக்கு ஏதும்..." என்று குணேஸ்வரி இழுத்தாள்.

"எனக்கும் பயம்தான்கா. நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போறன். நீயும் கூட வா."

ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி நீட்டினாள். குணேஸ்வரி வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"உப்புக் கரிக்குதடி."

"ஓம், கரிக்கட்டும். குடி."

குணேஸ்வரி கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கிளாஸை நீட்டினாள்.