சவுனாக்காரனுக்கு வைத்த மாத்திரை

எங்கள் வீட்டு ஆண்களைச் சவுனாதான், ஆவியில் வேர்த்துக் குளிக்கும் அந்த அறைதான், கொண்டுபோகும் என்று ஊரில் பேச்சு. அப்பா வெந்நீராவிக்குள் மேல்பலகையில் உட்கார்ந்தபடியே வாய் கோணிச் சாய்ந்தார். சித்தப்பா எலியாஸ், உறைந்த ஏரியில் வெட்டிய துளையில் முங்கிவிட்டுச் சவுனாவுக்குத் திரும்பியவர், வாசற்படியைத் தாண்டவில்லை. கடைசியாக, ஒரு பனிக்காலத்தில், பெரியண்ணன் வில்யோ. ஆளைக் காணோமே என்று கதவைத் திறந்தது நான். உள்ளே சூடு அப்படியே இருந்தது. அண்ணன் பலகையில் சாய்ந்திருந்தான், ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. அவனுடைய வலது கையை யாரோ எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அந்தக் கதவைத் தொட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

ஏரிக்கரையில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சின்னக் கட்டடம்தான் அது. அம்மா எங்களைப் பெற்றது அதற்குள்தான். சனிக்கிழமைதோறும் வேர்த்துக் குளித்ததும் அங்கேதான், செத்தவர்களைக் கழுவியதும் அங்கேதான். கடைசியாகக் குளித்தவர் சூடான கற்கள் மேல் இன்னும் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றி, ‘இது உனக்கு’ என்று சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். அது சவுனாவில் குடியிருக்கும் பேயான சவுனாக்காரனின் முறை. அவன் குளிக்கும்போது யாரும் திரும்பி உள்ளே போகக் கூடாது. எங்கள் ஆண்கள் மூன்று பேரும் அவனுடைய முறையில் இடம் பிடித்ததால் அவன் கையை ஓங்கிவிட்டான் என்றுதான் கிழவிகள் சொன்னார்கள்.

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. மாட்டுத் தொழுவத்தில் வளர்ந்தவளுக்குப் பேய்க்கெல்லாம் நேரமேது? ஆனால் வில்யோ போனபின், ஏரியில் தண்ணீர் மொள்ளப் போகும்போதெல்லாம், சவுனாவின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் மேல்பலகையில் யாரோ உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். வாரக்கணக்கில் அடுப்பு மூட்டாத கற்கள் ஒருநாள் நான் கடக்கும்போது உஸ்ஸென்றன. கூரைப்பனி உருகிச் சொட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். என் கால்கள் அதைக் கேட்கவில்லை, வாளியைப் போட்டுவிட்டு ஓடின.

வில்யோவுக்கு அப்புறம் மிச்சமிருந்தது தம்பி தைஸ்தோ ஒருவன்தான். ஐம்பதைத் தாண்டியதும் அவன் சவுனாவுக்குப் போவதை நிறுத்தினான். எங்கள் ஊரில் ஆம்பிளை சவுனாவுக்குப் போகவில்லையென்றால் ஒன்று சிறையில் இருக்கிறான், இல்லை ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இவன் சமையலறையில் படுதா கட்டித் தொட்டியில் உட்கார்ந்து குளித்தான். அவனோடு மரம் வெட்டுகிறவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன தைஸ்தோ, பொண்டாட்டி முதுகு தேய்ச்சு விடுறாளாமே? பவுடர் போட்டு விடுறாளா?"

அவன் மரம் வெட்டப் போவதையும் விட்டுவிட்டான். பகலெல்லாம் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, பனிவெளிக்கு அப்பால் தெரியும் சவுனாக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு சிகரெட்டில் அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பான். படுத்தால் தூக்கம் வராது என்று சாராயம் குடித்தான். பீப்பாயில் உப்பில் ஊறிய ஏரி மீனும், பல் தடம் பதியும் அளவுக்கு வெண்ணெய் அப்பிய கறுப்பு ரொட்டியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதே பீப்பாய் மீனைத்தான் நானும் தின்றேன், ஊரே தின்றது. மீன் யாரையாவது கொல்லுமா என்று யாரும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மிர்யா என்ற நர்ஸ் பனியில் சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், மூக்கு நுனி சிவந்திருந்தது. தைஸ்தோவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முள்ளைப் பார்த்தாள். மறுபடியும் அடித்தாள்.

"எவ்வளவு இருக்கு?" என்றாள் தைஸ்தோவின் மனைவி ரௌஹா.

"இவ்வளவு இருந்தா இவரு இப்படி உக்காந்து சிகரெட் பிடிக்கவே கூடாது. தலை வலிக்குதா?"

"என் தலை. நான் பாத்துக்கறேன்" என்றான் தைஸ்தோ.

"உங்க தலையத்தான் நானும் சொல்றேன். இந்த மீனைத் தண்ணில ஊறப்போட்டு உப்ப எறக்கிட்டுச் சாப்பிடுங்க. வெண்ணெயைச் சொரண்டி எடுங்க. சிகரெட்ட விட்ருங்க. சாராயத்தையும். எந்திரிச்சு தெனம் நடங்க."

"அப்பறம் எதுக்கு நர்ஸம்மா உசுரோட இருக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள். தைஸ்தோ குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "எங்க அப்பாவ அடிச்சது யாரு?"

"யாரும் அடிக்கல. மூளைக்குப் போற ரத்தக் குழாய் வெடிச்சிருக்கும், இல்ல அடைச்சிருக்கும். வருஷக்கணக்கா உள்ளயே தயாராகிட்டு இருந்திருக்கும்."

"மூணு பேரும் சவுனாவுல போனாங்க."

"சனிக்கிழமை சாயங்காலம் இந்த ஊர் ஆம்பிளைங்க வேற எங்க இருப்பாங்க?"

அது எனக்குச் சட்டென்று உறைத்தது. தைஸ்தோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வாரம் கழித்து ரௌஹா தொழுவத்துக்கு வந்து என் காதோடு சொன்னாள்:

"அண்ணி, அவரு மாத்திரைய முழுங்கறதே இல்ல. கொண்டுபோய்ச் சவுனாக்காரனுக்கு வெக்கிறாரு."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் பால் வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

"ஏன்டா, பேய்க்கு எப்படா பிரஷர் வந்துச்சு?"

"கத்தாத அக்கா. நர்ஸ் என்ன சொன்னா? இந்த மாத்திரை வேகத்தைக் கொறைக்கும்னா. யாரு வேகம் கொறையணும்? அடிக்கிறவன் வேகந்தானே?"

"உன் ரத்தத்தோட வேகம்டா, மடையா!"

"அவன் சாப்பிடறான் அக்கா." அவன் கண்கள் பளபளத்தன. "வெச்சது அடுத்த வாரம் இருக்கறதே இல்ல. தட்டு சுத்தமா இருக்கு. வாங்கிக்கிட்டான்னுதானே அர்த்தம்?"

நான் திட்டினேன், கெஞ்சினேன். மிர்யாவிடமும் சொன்னேன். அவள் வந்து அவனை வறுத்தெடுத்தாள். பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினான். அவள் வண்டி வளைவு தாண்டியதும், மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சவுனாவுக்கு நடந்தான்.

இதில் என்னை அதிகம் பயமுறுத்தியது அவன் தேறியதுதான். தூங்க ஆரம்பித்தான். சிரித்தான். மரம் வெட்டப் போனான். பயம் போனதும் பசி வந்தது, முன்னைவிட இரண்டு பங்கு தின்றான். வெள்ளைச் சுவர் போலிருந்த முகம் சிவந்தது. எதிர்ப்பட்டவர்களெல்லாம் ‘நல்லா இருக்கியே’ என்றார்கள். எப்போதாவது மட்டும் நெற்றியைக் குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன்.

ஒரு பகலில் நானே சவுனாவைத் திறந்தேன். அலமாரியில் தட்டு சுத்தமாக இருந்தது. வில்யோ பிடிக்கும் புகையிலையின் வாசனை வந்தது, அவன் போய் ஒரு வருஷம் கழித்து. "வில்யோ?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுப்புக் கல் ஒன்று டிக்கென்றது. தம்பி சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் நல்லது என்று அந்த நிமிஷம் நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். யாரோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், மாத்திரை தின்கிறான், நம்மை விட்டுவிடுவான். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை. வியாழன் என்றால் பட்டாணி சூப். தைஸ்தோ பன்றிக்கறித் துண்டைக் கரண்டியில் எடுத்தானாம். கரண்டி கைநழுவி விழுந்தது. இடது கையால் எடுத்தான். வாயோரம் சூப் வழிந்தது. ரௌஹா சிரித்தாளாம். அவன் ஏதோ சொன்னான், அது எந்தப் பாஷையிலும் சேராத சத்தமாக இருந்தது.

நான் பால்கேன் திருப்பிக் கொடுக்க உள்ளே போனபோது ரௌஹா உதட்டில் விரல் வைத்தாள். அவனைப் பெஞ்சில் படுக்கவைத்துக் கம்பளி போர்த்தியிருந்தாள்.

"தூங்குறாரு. நான் பயந்தே போயிட்டேன் அண்ணி. அப்பறம்தான் யோசிச்சேன், இது அது இல்ல. இன்னிக்குச் சனிக்கிழமையும் இல்ல, இது சவுனாவும் இல்ல. வெறும் மயக்கந்தான். காப்பி குடிச்சாச் சரியாயிடும்."

அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. நான் கம்பளியை விலக்கினேன். அப்பாவின் வாய். வில்யோவின் ஒற்றைக் கண். அதே முகம், பட்டப்பகலில், சமையலறையில், பட்டாணி சூப் வாசனைக்கு நடுவில். டெலிபோன் இருந்த வீட்டுக்குச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். எவ்வளவு நேரமாக அவன் அப்படிக் கிடந்தான் என்று ரௌஹாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

உயிர் பிழைத்தான். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது.

"சவுனாவ விட்டு வெளிய வந்து அடிச்சுட்டானே அண்ணி" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ரௌஹா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே சவுனாவுக்குப் போனேன். "வெளிய வாடா! என் தம்பிய ஊமையாக்கிட்டல்ல, என் முன்னாடி வா!" என்று கத்திக்கொண்டே மேல்பலகையைப் பெயர்த்தேன். கீழ்ப்பலகையைப் பெயர்த்தேன்.

அடியில் ஒரு எலிக்கூடு. காய்ந்த பாசி, இலைச்சருகு. அதன் நடுவே தைஸ்தோவின் மாத்திரைகள், வெள்ளை வெளேரென்று, குவியலாக. ஒன்றில்கூடப் பல் பட்டிருக்கவில்லை. எலி அவற்றைத் தின்னக்கூட இல்லை, பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தது. அந்தக் கரித்தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

சவுனாக்காரன் என்று யாரும் இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகும் என்றுதானே நினைப்பீர்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. அங்கே யாருமில்லையென்றால் இத்தனை வருஷம் எங்களோடு இருந்தது யார் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. அப்பாவின் தாடையைக் கண்ணாடியில் என் முகத்தில் பார்ப்பேன். உடனே விளக்கைத் தணித்துவிடுவேன்.

கோடையில் தைஸ்தோவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ரௌஹா மீனை ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டினாள். வீட்டில் புகையிலை வாசனையே இல்லை. மாத்திரையை அவன் நாக்கில் வைத்து, விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மிர்யா வந்து அவன் கையில் அழுத்தம் பார்த்தாள், ‘எறங்கிடுச்சு’ என்று முகம் மலர்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் கைய நீட்டுங்கம்மா."

"எனக்கெதுக்கு? இது எங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கு வர்றது."

"உங்க அம்மா எப்படிப் போனாங்க?"

"அம்மாவா? தலை வலிக்குதுன்னு படுத்தாங்க. எந்திரிக்கல."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம்தான். அன்றைக்குத்தான் அது என் காதிலேயே விழுந்தது. மிர்யா பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள், விட்டாள். மறுபடியும் அடித்தாள். அறையில் காற்று இறங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"தொழுவத்துலேர்ந்து வேகமா நடந்து வந்தேன், அதனால இருக்கும்" என்றேன்.

"நீங்க வந்து உக்காந்து ரொம்ப நேரமாச்சும்மா" என்றாள் அவள்.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து தைஸ்தோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி முகம் செத்துக் கிடந்தது. மற்றப் பாதியில் இருந்த பயத்தை எனக்குத் தெரியும். ஒரு பனிக்காலம் முழுக்கச் சவுனாக் கதவை அவன் பார்த்த பார்வை அது.

"என்னடா அப்படிப் பாக்குற? நான் என்ன பேயா?"

அவனுடைய நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சுவரில் ரௌஹாவின் மேல்சட்டை தொங்கியது, வேறு யாருமில்லை. பட்டை சுற்றிய கையை மேசை மேலிருந்து நான் எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ பாருங்க நர்ஸம்மா" என்றேன்.