சம்பந்திக்குக் கொடுத்த டிரா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அரியலூரில் நடந்த மூத்தோர் செஸ் போட்டியில் கடைசி ஆட்டத்துக்கு இருதயநாதனின் எதிரே வந்து உட்கார்ந்தவர் அவருடைய சம்பந்தி ஞானாதிக்கம். மகள் புஷ்பத்தைக் கட்டிக்கொடுத்த வீடு. மாப்பிள்ளையின் அப்பாவிடம் இருதயநாதன் இதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

பலகைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் சம்பந்தியின் ராஜா காலி. இருதயநாதனுக்குக் கை அரித்தது. மகள் நாளைக்கும் அந்த வீட்டில்தானே சோறு பொங்க வேண்டும் என்று கையை மடக்கிக்கொண்டார்.

"டிரா பண்ணிக்கலாங்களா, சம்பந்தி?"

"சரி, போனாப் போவுது" என்று ஞானாதிக்கம் கைகொடுத்தார்.

வெளியே டீக்கடையில் நின்றவர்களிடம், "பொண்ணு குடுத்தவராச்சேன்னு நான்தான் விட்டுக்குடுத்தேன்" என்றார் ஞானாதிக்கம். இருதயநாதன் டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த புஷ்பம், மாதா கோயில் வாசலிலேயே அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கள யாருப்பா டிரா பண்ணச் சொன்னது? ஜெயிச்சிருந்தா மாமனாரு ஒரு வாரமாச்சும் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பாரு. இப்பக் கொழம்புல உப்பு கம்மின்னாக்கூட, 'ஒங்கப்பனுக்கே உசுருப் பிச்ச போட்டவன் நான்'ங்கறாரு!"