சுவரில் சாய்ந்த கதவுநிலை

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து பிறந்தது. ஒளிப்பானேன், அந்தப் படிவத்தை நிரப்பிக் கெடுத்தவனும் நான்தான்.

1961 சித்திரை. முல்லைத்தீவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் கிளாக்கர். சிவனேஸ்வரி அக்கா குடையை மடக்கி வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றா. அவா இருந்தது ஒல்லாந்தர் காலத்து வீடு. கொழும்பிலிருந்து வந்தவர்கள் முகப்பில் ஒரு பலகை அடித்திருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாம். எழுத்தில் அனுமதி இல்லாமல் உள்ளேயும் ஒரு கல்லைத் தொடக்கூடாதாம்.

என்ன மாற்றம் என்று படிவம் கேட்டது. குசினிக்கும் பக்கத்து அறைக்கும் நடுச்சுவரில் ஒரு வாசல் என்று எழுதினேன். 'காரணம்' என்பதற்கு இரண்டு கோடுதான் விட்டிருந்தார்கள். 'போக்குவரத்து வசதிக்காக' என்று எழுதினேன்.

"தம்பி, அது இல்லை காரணம். இவர் கூப்பிட்டால் எனக்குக் கேக்கவேணும். அப்பிடி எழுதுங்கோ."

"அரசாங்கத்துக்கு அப்பிடியெல்லாம் எழுதேலாது அக்கா."

"ஏன், அரசாங்கத்துக்குக் காது இல்லையோ?"

நான் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்குத்தான் இன்றைக்கு இருந்து எழுதுகிறேன்.

2

எப்படித் தொடங்குவது?

'முல்லைத்தீவுக் கடலின் அலைகள் அந்தப் பழைய வீட்டின் சுவர்களிடம்' (வேண்டாம். அலைகளுக்கு இந்த விண்ணப்பத்தில் ஒரு வேலையும் இல்லை.)

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். ஒல்லாந்தன் கட்டின வீட்டில் ஒரு வாசல் வைத்துப்' (கெட்டித்தனம் காட்டுகிறேன். இதுவும் வேண்டாம்.)

முந்தின மாரியில் தொடங்குவதுதான் நேர்மை. சிவனேஸ்வரி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. பக்கத்து அறையில் அவாவின் புருசன் கனகலிங்கம் கட்டிலில் கிடந்தார். தந்திக் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய் மூன்று வருசம். செம்பை எட்டி எடுக்கப்போனவர் கீழே விழுந்துவிட்டார். கூப்பிட்டார். நடுச்சுவர் கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டியது, இரண்டு முழம் தடிப்பு. அறைக்கு இருந்த ஒரே வாசல் முன்பக்கம். சோற்றுக் கோப்பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, மழைக்குள் வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் அவா கண்டா. மனுசன் அதுவரை சீமெந்துத் தரையில் கிடந்திருக்கிறார்.

"எத்தினைதரம் கூப்பிட்டனீங்கள்?"

"எண்ணேல்லை. பிறகு விட்டிட்டன்."

அந்தப் 'பிறகு விட்டிட்டன்' தான் அவாவைத் தின்றது. குசினியில் இருந்த ஒவ்வொரு நிமிசமும், இப்போது கூப்பிடுகிறாரோ என்று எழும்பி ஓடுவா. கறி அடிப்பிடிக்கும்.

[ஊராரின் சேதியெல்லாம் கொழும்பு வரை போகக் கம்பி இழுத்த மனுசனின் குரல் பக்கத்து அறைக்குப் போகவில்லை. இந்த வசனம் எனக்கு வாய்த்துவிட்டது என்பதாலேயே இதில் எனக்குச் சந்தேகம். ஆனால் உண்மை. என்ன செய்ய?]

3

வைகாசி நடுவில் பதில் வந்தது, சிங்களத்தில். சிவனேஸ்வரி அதை மர வியாபாரி சரீப் நானாவிடம் கொண்டுபோனா. அவர் அநுராதபுரம் வரை போய் வியாபாரம் செய்தவர், சிங்களம் வாசிப்பார். வாசலுக்கு முதிரை மரம் கொடுத்து, தச்சனைக் கொண்டு கதவுநிலை செய்வித்து வைத்திருந்தவரும் அவர்தான்.

"ஜூன் இருவதாம் தேதி ஆள் வந்து பாத்திட்டுத்தான் சொல்லுவினமாம் தங்கச்சி. அதுவரைக்கும் சுவரிலை கை வைக்கக்கூடாதாம்."

அவாவுக்குத் தலையில் இடி விழுந்தது. சாத்திரியார் நிலை வைக்கக் குறித்துத் தந்த நாள் வைகாசி இருபத்தெட்டு. ஜூன் இருபதுக்கு ஆனி பிறந்துவிடும். ஆனியிலும் ஆடியிலும் நிலை வைக்கிற வழக்கம் இல்லை. ஆவணியில் கனகலிங்கத்துக்குப் பலன் சரியில்லை. அதற்குப் பிறகு தைதான். நடுவில் இன்னொரு முழு மாரி கிடக்கிறது.

கொஞ்சம் யோசித்தா. "நானா, சுவரிலை கை வைக்கக்கூடாதெண்டுதானே இருக்கு. நிலை வைக்கக்கூடாதெண்டு இருக்கோ?"

சரீப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

"அப்பிடி ஒண்டும் இல்லை."

வைகாசி இருபத்தெட்டுக் காலை, நல்ல நேரத்தில், மஞ்சளும் குங்குமமும் தடவி, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, அந்த நிலையைத் தூக்கி நடுச்சுவரோடு சாய்த்து வைத்தார்கள். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. வடிவான வாசல், உள்ளே முழுச்சுவர்.

கனகலிங்கம் கட்டிலில் கிடந்தபடியே பார்த்தார். பெண்சாதியை அவர் 'இஞ்சரும்' என்றுதான் கூப்பிடுவார். "இஞ்சரும், இதுக்குள்ளாலை ஆர் வரப்போகினம்?"

"முதலிலை உங்கடை சத்தம் வரட்டும்."

3½

சரீப் நானாவைக் கூடுதலாக நல்லவராக்கிவிட்டேனோ? அவர் பொல்லாத கோபக்காரர். அன்றைக்கும் நிலை கோணலாக நிற்கிறதென்று தச்சனை ஏசித் தீர்த்தார். ஆனால் ஏசிக்கொண்டே ஒரு பக்கத்தைத் தன் தோளில் தாங்கினார். அவருக்குக் கடன்பட்டவன் நான். அவர் தோள் கொடுத்த நேரத்தில் நான் கந்தோரில் பேனைக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

4

சொன்ன தேதியில் அதிகாரி வந்தார். தவராசா என்று பெயர். மெலிந்த, சிரிக்காத மனுசன். கையில் அளவு நாடா. விண்ணப்பக் கோப்போடு நானும் போயிருந்தேன்.

அறைக்குள் காலடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆரைக் கேட்டு நிலை வைச்சனீங்கள்?"

சிவனேஸ்வரி நிதானமாகச் சொன்னா:

"நிலை மட்டும்தான் ஐயா வைச்சது. சுவரைத் தொடேல்லை. நீங்களே பாருங்கோ."

அவர் பார்த்தார். நிலைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். சுண்ணாம்பு ஒரு பொட்டும் உதிர்ந்திருக்கவில்லை.

"வழி இல்லாமல் எதுக்கு வாசல்?"

"நேரம் வந்திட்டுது ஐயா. வழி இன்னும் வரேல்லை."

அவர் நாடாவை விரித்து அளக்கத் தொடங்கினார். கடைசியில், இருநூறு வருசத்துச் சுவரைப் போக்குவரத்துக்காக உடைக்க விடமுடியாது, சுற்றி நடந்தால் என்ன குறை என்றார். நியாயமான கேள்வி. அப்படிக் கேட்க வைத்தது நான் எழுதின வரி.

சிவனேஸ்வரி வாதாடவில்லை. "ஐயா, ஒருக்காக் குசினிக்குப் போய் நில்லுங்கோ. இவர் உங்களைக் கூப்பிடுவார். கூப்பிட்ட உடனை வாங்கோ."

அவர் வீட்டைச் சுற்றிப் போனார். நாங்கள் அறையில் நின்றோம். கனகலிங்கம் கூப்பிட்டார். பொறுத்துத் திரும்பவும் கூப்பிட்டார். மூன்றாந்தரம் கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். கன நேரம் கழித்து, தவராசா முற்றத்தால் வந்து வாசலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன, இன்னும் கூப்பிடேல்லையோ?"

கனகலிங்கம் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அதிகாரிக்கு விளங்கிவிட்டது. என்னிடமிருந்து கோப்பை வாங்கிப் படிவத்தைத் திருப்பினார்.

"இந்தக் காரணத்தை எழுதினது ஆர்?"

"நான்தான் சேர்."

பேனையை எடுத்து என் வரியை அடித்தார். மேலே சின்ன எழுத்தில் எழுதினார்: 'கூப்பிட்டால் கேட்க.' பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தார். "முடிவு கொழும்பிலை. நான் சிபாரிசுதான் செய்யலாம்" என்றார். நிலையை எடுக்கச் சொல்லவில்லை. போகும்போது, அதன் மாவிலை காய்ந்துவிட்டது, மாற்றிக் கட்டுங்கள் என்று சொல்லிப் போனார்.

என் எழுத்தைத் திருத்தியவர்கள் பலர். இவர் ஒருவருக்குத்தான் நான் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

5

முடிவுகள்.

(அ) அனுமதி வந்தது. எடுக்கிற கல்லுக்கெல்லாம் இலக்கமிட்டு அடுக்கி வைக்கவேண்டும், வாசல் இரண்டரை அடிக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனைகள். நிலை மூன்றடி. சரீப் நானா தச்சனைத் திரும்பவும் ஏசுகிறார்.

(ஆ) அனுமதி வரவில்லை. நிலை சுவரில் சாய்ந்தபடியே நிற்க, சிவனேஸ்வரி அடுப்பைக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே (இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

இரண்டில் எது நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. பதில் வருமுன், ஆவணியில், என்னை வவுனியாவுக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டு எழுதியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

ஐந்து வருசம் கழித்து, ஒரு கார்த்திகை மாதப் பகலில், ஒரு அலுவலாக முல்லைத்தீவுக்குப் போனவன், கால் இழுத்த பக்கம் போய் அந்த வீட்டு முன்வாசலில் நின்றேன். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கட்டில் மட்டும்தான் தெரிந்தது. நடுச்சுவர் முன்கதவுக்கு மறைவில் இருந்தது. கனகலிங்கம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைக்கிற மாதிரித்தான் சொன்னார்:

"இஞ்சரும், கந்தோர்த் தம்பி வந்திருக்கிறார்."

கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறேன். அன்றைக்கு அந்தக் காரணத்தை நான் எழுதவில்லை. இன்றைக்கு இந்த முடிவை எழுத எனக்கு உரிமை இல்லை. நான் முன்வாசலில் நிற்கிறேன். தயவுசெய்து நீங்கள் குசினிக்குள் போய், அடுப்படியில், சிவனேஸ்வரி அக்காவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்களுக்குக் கேட்டதா? கேட்டிருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள், தேத்தண்ணிக்கு இன்னொரு பேணி எடுத்து வைக்கட்டும்.